அறுபது நாள் என்றார்களே? குடும்ப வன்முறை வழக்குகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. மகளிர் காவல் நிலைய வாசலிலும் குடும்ப நீதிமன்ற வராந்தாவிலும் அன்று கேட்ட அதே கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறார்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். படியேறி வருபவர்கள் அதில் சொற்பம். வந்தவர்களையாவது அலையவிடாமல் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அடித்துவிட்டார். முதலில் போவது போலீஸுக்கா, கோர்ட்டுக்கா?

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்கு. அங்கே ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடுவார்கள். ‘எப்படி அடிபட்டது?’ என்று டாக்டர் கேட்கும்போது, மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிடும் பெண்கள் ஏராளம். அந்த ஒரு வரி பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

போலீஸ் புகாரும் கோர்ட் மனுவும் ஒன்றல்ல. கணவர், அவருடைய உறவினர்களின் கொடுமைக்குத் தண்டனை கேட்பது போலீஸ் வழி. பழைய 498-ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. அடிக்காமல் இருக்கவும், வீட்டிலிருந்து துரத்தாமல் இருக்கவும், செலவுக்குப் பணம் தரவும் உத்தரவு கேட்பது 2005 சட்டத்தின் வழி. இரண்டையும் ஒருசேரச் செய்யலாம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) கொடுத்து, இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி, ‘இனிமே ஒழுங்கா இருப்பேன்’ என்று எழுதி வாங்கி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்தக் காகிதத்துக்கு நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது. கோர்ட்டில் மனு போடலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்வது போலீஸின் கடமை என்கிறது சட்டத்தின் 5-வது பிரிவு. சொல்கிறார்களா என்பதைப் போனவர்களிடம் கேட்டால் தெரியும்.

இரவு நேரத்தில் மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடம் உண்டு. அதற்குப் பிறகு காப்பகம்தான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால், நடந்ததை அதற்கான படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அவரிடம் போகாமல் நேராகவும் கோர்ட்டில் மனு போடலாம். அவருடைய அறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் திருப்பக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் ஊர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் போதும். அடி நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போன வழக்கு ஒன்றில், இந்த மனுவுக்கு ஒரு வருடக் காலக்கெடு பொருந்தாது என்று 2022-ல் தீர்ப்பானது.

அறுபது நாளில் முடியும் என்றார்கள். இரண்டு வருடமாக நடக்கிறேனே?

சட்டத்தில் இருப்பது இது: மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, இரண்டு நாளுக்குள் நோட்டீஸ், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயற்சி. அந்த ‘முயற்சி’ என்ற சொல்லில்தான் எல்லாம் வழுக்கிப் போகிறது. தவறினால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. நாடு முழுவதும் 2022 ஜூலை நிலவரப்படி 4.7 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருந்ததை உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. செக் மோசடி, அடிதடி, திருட்டு என்று கட்டுக் கட்டாக வழக்கு பார்க்கும் மாஜிஸ்திரேட்டிடம்தான் பெரும்பாலும் இதுவும் வருகிறது. நோட்டீஸ் போனால் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பும். அடுத்த வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வந்து வக்காலத்து போடுவார். அதற்கடுத்து பதில் மனுவுக்கு அவகாசம். அப்புறம் கோர்ட் விடுமுறை, நீதிபதி மாறுதல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து, பத்தரை மணிக்கு டவாலி பெயர் கூப்பிடும் வரை நிற்கிறாள். கணவருக்கு இது தெரியும். கையில் காசிருப்பவருக்கு வாய்தா ஒரு ஆயுதம். வீட்டில் கையால் செய்ததை இப்போது காகிதத்தால் செய்கிறார்.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவோர் குறைவு. 23-வது பிரிவின்படி, பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே மாஜிஸ்திரேட் முதல் நாளிலேயே ஒருதலைப்பட்ச இடைக்கால உத்தரவு போடலாம். ‘அடிக்கக் கூடாது, வேலையிடத்துக்கு வந்து கலாட்டா செய்யக் கூடாது, நகையை விற்கக் கூடாது’ என்ற அளவுக்காவது. மனுவோடு சேர்த்தே இதைக் கேளுங்கள். வக்கீல் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். இடைக்கால உத்தரவு கையில் இருந்தால் வாய்தா நீள்வதில் எதிர்த்தரப்புக்கு லாபமில்லை. ஆகவே புதுச் சட்டம் கேட்பதைவிட, முதல் நாளிலேயே இந்த இடைக்கால மனுவுக்கு ஏதாவதொரு உத்தரவு சொல்ல வேண்டும் என்று கேட்பதே பலன் தரும் என்பது என் கட்சி.

ஆள் பற்றாக்குறை இன்னொரு பக்கம். பாதுகாப்பு அலுவலர்களை மாவட்ட அளவில் மட்டுமல்ல, வட்ட அளவிலும் அடையாளம் கண்டு நியமிக்க 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆறு வாரம் கெடு விதித்தது. உங்கள் வட்டத்துக்கு யார் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர்ப் பலகையாவது இருக்க வேண்டும்.

விவாகரத்து ஒரு கோர்ட், ஜீவனாம்சம் ஒரு கோர்ட், வன்முறை ஒரு கோர்ட். எல்லாம் ஒரே இடத்தில் நடக்காதா?

நடக்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு இருந்தால், பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், குழந்தை, இழப்பீடு எல்லாவற்றையும் அங்கேயே கேட்க 2005 சட்டத்தின் 26-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நடைமுறையில் மூன்று கட்டு, மூன்று வாய்தா, மூன்று இடத்தில் ஃபீஸ். ஒரே மாதத்தில் ஒரே கதையை மூன்று மேசைக்கு முன்னால் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் போட்ட பாதுகாப்பு உத்தரவு குடும்ப நீதிமன்றத்துக்குத் தெரியாமலே குழந்தையைப் பார்க்கும் நாள் குறிக்கப்படுவதும் நடக்கும். ஒரே குடும்பத்தின் வழக்குகளை மனுத் தாக்கலாகும் இடத்திலேயே கேட்டறிந்து ஒன்றாகக் கட்டும் ஏற்பாடு வந்தால் பாதிச் சிக்கல் தீரும். அதுவரை, ஒவ்வொரு கோர்ட்டிலும் மற்ற கோர்ட் உத்தரவின் நகலை நீங்களே தாக்கல் செய்யுங்கள்.

கவுன்சலிங்குக்குப் போகச் சொல்கிறார்கள். அவரோடு ஒரே அறையில் உட்காரப் பயமாக இருக்கிறது. மறுக்கலாமா?

1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அதே வரியில், வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் ஒத்துவந்தால் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதை யாரும் உரக்கப் படிப்பதில்லை. கழுத்தை நெரித்தவரையும் நெரிபட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ‘விட்டுக்கொடுத்துப் போங்கம்மா’ என்பது சமரசமாகாது. அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், அவள் வாய் திறக்கமாட்டாள். தனித்தனியாகப் பேச வேண்டும், வேறு வேறு நேரம் கொடுக்க வேண்டும் என்று நீதிபதியிடம் எழுதிக் கேட்கலாம். மாஜிஸ்திரேட் அனுப்பும் ஆலோசனைக்கு 2005 சட்டமே ‘தனியாகவோ சேர்ந்தோ’ என்றுதான் சொல்கிறது.

அந்தச் சட்டத்தின் 2006 விதிகளில் அருமையான ஒன்று இருக்கிறது. ஆலோசனையின்போது, அடித்ததற்கு நியாயம் கற்பிக்கக் கணவருக்கு இடமில்லை. ‘அவ வாய் பேசினா, அதான் அடிச்சேன்’ என்று ஆரம்பித்தால் ஆலோசகர் அங்கேயே நிறுத்த வேண்டும். இது செல்லாது என்று உட்காரும் முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இனி வன்முறை செய்யமாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்க வேண்டும். சமரசத்துக்கு அனுப்பும் முன் ‘அடி உண்டா, மிரட்டல் உண்டா’ என்று பெண்ணிடம் தனியே கேட்பதைக் கட்டாயமாக்கினால் குடும்ப நீதிமன்றத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை, ஒரு அறையும் கால் மணி நேரமும்தான்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. எனக்கு என்ன உரிமை?

சொத்தில் பங்கு இல்லை. குடியிருக்கும் உரிமை உண்டு. கணவரின் பெயரில் இல்லாத வீடும், அங்கே அவரோடு குடும்பமாக வாழ்ந்திருந்தால், ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ ஆகும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பிருந்த 2006 தீர்ப்பு மாமனார்களுக்குச் சாதகமாக இருந்தது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளைச் சுலபமாக வெளியேற்றவும் இப்போது முடியாது. அதற்காக, வயதானவர்களைப் படுத்தும் மருமகளை நீதிமன்றம் தாங்கிப் பிடிக்காது. மாற்று வீடு, அல்லது வாடகைப் பணம் என்று உத்தரவாவதும் உண்டு.

சம்பளமே இல்லை என்று கணக்குக் காட்டுகிறார். ஜீவனாம்சம் எப்படி வாங்குவது?

சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அவர் மறைத்தால் உங்கள் கையில் இருப்பதைக் காட்டுங்கள்: வண்டியின் ஆர்.சி., வங்கிக் குறுஞ்செய்தி, கடையின் விசிட்டிங் கார்டு. மாதச் சம்பளக்காரர் பணம் கட்டாவிட்டால், சம்பளத்தில் பிடித்து நேரே உங்களுக்கு அனுப்பும்படி முதலாளிக்கே உத்தரவிட 2005 சட்டத்தின் 20-வது பிரிவில் வழி இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு.

இது ஆண்களைப் பழிவாங்கும் சட்டம் என்கிறார்களே?

இந்தச் சட்டத்தில் மனு போட்டதற்காக யாரும் கைதாவதில்லை. உத்தரவை மீறினால்தான் கைது. தவறான உத்தரவு என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மனு போடுவது மனைவி மட்டுமல்ல. மகனிடம் அடி வாங்கும் தாயும், அண்ணனிடம் அடி வாங்கும் தங்கையும் போடலாம். ஆண் இதில் நிவாரணம் கேட்க முடியாது என்பது உண்மைதான். அவருக்குப் பொதுவான குற்றவியல் சட்டமும், கொடுமை என்ற அடிப்படையில் விவாகரத்தும் உண்டு.

குழந்தையைப் பார்க்க அவர் வருகிறார். வந்து மிரட்டிவிட்டுப் போகிறார்.

பார்க்க வருவது குழந்தைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் அனுமதி மறுக்கலாம். மறுக்கும் அளவுக்கு இல்லையென்றாலும், கைமாற்றும் இடம், நேரம், உடன் யார் இருப்பது என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும் வருடங்களில் ஆபத்து அதிகமாவது அந்தக் கைமாற்றும் பத்து நிமிடத்தில்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ மனு கொடுங்கள். தொலைபேசி 15100.

உத்தரவு வாங்கிய பிறகும் வீட்டு வாசலில் வந்து நின்றால்?

பாதுகாப்பு உத்தரவை மீறுவது, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேறு சாட்சி வேண்டியதில்லை, பெண்ணின் ஒற்றைச் சாட்சியமே போதும் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. உத்தரவின் நகல் இலவசம். ஒன்றை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். ‘எங்களுக்கு உத்தரவே வரலை’ என்று இன்ஸ்பெக்டர் சொல்லும்போது அதைக் காட்டலாம்.