விளையாட்டுக்கு அடித்த காற்று

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் காற்றுக் குழாய் இல்லாத பணியிடம் அரிது. உலோகத் தூளை அகற்றவும் கருவிகளை இயக்கவும் பயன்படும் அதனை, ஷிப்ட் முடிந்ததும் தம் சட்டையின் பக்கம் திருப்பித் தூசு தட்டுவோரும் உண்டு. அதே குழாயைக் கொண்டு விபரீதமான ஒரு கேலியும் நடக்கிறது. உடன் பணிபுரிபவரின் பின்புறத்தில் ஏர் கன்னை வைத்து அழுத்துவதே அது. 2024 மார்ச்சில் பெங்களூருவின் வாகன சர்வீஸ் நிலையம் ஒன்றில், நண்பர் இவ்வாறு விளையாடியதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

ஆடைக்கு மேல்தானே என்று கேட்கலாம். துணி காற்றைத் தடுக்காது. காரின் டயரில் நாம் அடைப்பது ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ. தொழிற்சாலைக் குழாயில் வருவதோ பெரும்பாலும் 80 முதல் 100 வரை. பெருங்குடலின் சுவர் சுமார் 4 பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே கிழியக்கூடும். ஓரிரு நொடிகள் போதும். கிழிசல் வழியே காற்றும் மலமும் வயிற்றறைக்குள் பரவுகின்றன. தேங்கிய காற்று உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மூச்சு முட்டும். பின்னர் கிருமித் தொற்று இரத்தத்திலும் கலக்கலாம்.

சிகிச்சையைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் வெட்கமே. செய்தவர் அறைத் தோழராயிருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தமிழ் அறியாதவருக்கு இன்னும் கடினம். வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். உடனிருப்போர் சோடாவும் ஓமத் திரவமும் வாங்கித் தருகின்றனர். நண்பரைக் காக்க எண்ணுவது எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி கூறுங்கள். இத்தகைய காயங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை; அதற்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை.

வயிறு திடீரென உப்பிக் கல்போல் இறுகினால், ஆசனவாயில் இரத்தம் கசிந்தால் 108-ஐ அழையுங்கள். தண்ணீர் உட்பட எதையும் வாய்வழி கொடுக்காதீர்கள், எனிமாவும் கூடாது. வலி குறைவாயிருந்தாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் குடலுக்கு வெளியே காற்று உள்ளதா என்பதைக் காட்டும். கிழிந்த குடலுக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படும். சிலருக்குக் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் திறந்து, மலம் சேரப் பை பொருத்துவோம். பெரும்பாலும் இது தற்காலிகமே. குடல் ஆறியபின், சில மாதங்களில் மற்றோர் அறுவை சிகிச்சையால் மீண்டும் இணைக்கப்படும். அதுவரை பையை மாற்றுவதையும் சுற்றியுள்ள தோலைப் பேணுவதையும், வீடு திரும்பும் முன் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் எங்கள் செவிலியர்கள் கற்றுத்தருவர்.