சல்லடை எண்ணில் ஏமாந்த கதை

எங்கள் பனச்சமூடு சந்தையில் ஒரு கடையில் தமிழ் கேட்கும், அடுத்த கடையில் மலையாளம் கேட்கும். எல்லைக்கு இருபுறத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கால்பந்துக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓணப் போட்டிக்காக வீடுவீடாகப் பணம் பிரித்து, 15 சிவப்புப் பாலியெஸ்டர் சட்டைகள் வாங்கினார்கள். முதுகில் வெள்ளை எண் அடிக்க என்னிடம் யோசனை கேட்டார்கள். "சாரு இஞ்சினீயராச்சே!"

இஞ்சினீயர்தான். ஆனால் நான் பழகியது ரயில் பாதை ஜல்லியைச் சலிக்கும் சல்லடையோடு. அங்கே 65, 40, 20 மில்லிமீட்டர் என்று துளையின் அளவுதான் பெயர். எண் பெரிதானால் துளை பெரிது. அச்சு மெஷ்ஷில் நேர் எதிர். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதே எண். அது ஏற ஏறத் துளை சுருங்கும். இது தெரியாமல், "மை தடிப்பாக விழ வேண்டும், 230 போடுங்கள்" என்றேன். அச்சடித்த பையனும் பெரியவர் சொல்கிறாரே என்று மறுக்கவில்லை. இரண்டு சட்டையில் அடித்துப் பார்த்தால், வெள்ளைக்கு அடியில் சிவப்பு பல்லிளித்தது.

பிறகு விசாரித்தேன். அடர்நிறத் துணியில் வெள்ளைக்கு 110 மெஷ் போடலாம். (பெட்டியில் 43 என்றிருந்தால் அது சென்டிமீட்டர் கணக்கு, இரண்டும் ஒன்றே.) மெல்லிய சட்டையானால் மை தகடுபோல் ஒட்டி வியர்வையை அடைத்துவிடும், அதற்கு 160 மெஷ்ஷில் இருமுறை, நடுவில் உலர்த்தி அடிப்பது மேல். 230 நுண்ணிய கோடுகளுக்கு.

110 போட்டு மேலும் ஆறு சட்டை அடித்தோம். வெள்ளை பளிச்சென்று நின்றது. மூன்றாம் நாள் காலை வாசலில் கூட்டம். "சாரே, வெள்ளை ரோஸ் ஆயிப்போச்சே!"

இதற்கு மெஷ் காரணமல்ல, சூடு. பருத்தியில் சாயம் இழையோடு ரசாயனமாகப் பிணைந்துவிடும். பாலியெஸ்டரிலோ சாயம் இழைக்குள் கரைந்திருக்கிறது. அதிகச் சூட்டில் ஆவியாகி மேலே மைக்குள் ஏறும். உடனே தெரியாது, நாள் கழித்தும் தலைகாட்டும். சாதாரணப் பிளாஸ்டிசால் மை இறுக ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுமார் 130 டிகிரியில் இறுகும் மையை வாங்கி, அடியில் சாயம் தடுக்கும் சாம்பல் நிற மையும் பூசினோம். ஒரே ஒரு சட்டையில் அடித்து, ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொட்டோம்.

உங்கள் சங்கத்து விளையாட்டு விழாவுக்குச் சட்டை அடிப்பவர்களும், அச்சகத்தில் மெஷ் எண்ணைக் கேட்பதோடு சூட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீணான எட்டுச் சட்டைக்கும் பணம் என் பென்ஷனிலிருந்து போயிற்று. அவற்றைத்தான் பயிற்சிக்குப் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.