நோய்க்குக் காரணம் தேடுவோம், பழிபோட ஆள் தேட வேண்டாம்

நமது மஹல்லாக்களில் ஒரே வாரத்தில் நாலைந்து பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் மூன்று விதமான பேச்சு எழும். சிலர் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி நின்றுவிடுவார்கள். சிலர் கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். இன்னும் சிலர், "அந்தத் தெருக்காரர்களால்தான் வந்தது" என்பார்கள். "இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது எது?" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நோய்களின் காரணத்தை ஆராயும் மருத்துவத் துறை தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

வேங்கைவயலில் நடந்தது

அந்தக் கேள்வியின் அருமையை நம் புதுக்கோட்டை மாவட்டமே பார்த்தது. அன்னவாசல் ஒன்றியத்தில் உள்ள வேங்கைவயல், பட்டியலின மக்கள் வாழும் சிறிய குடியிருப்பு. 2022 டிசம்பர் கடைசியில் அங்கே குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். சிகிச்சை அளித்த மருத்துவர்கள் மருந்து கொடுத்ததோடு நில்லாமல், குடிக்கும் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று ஊர் இளைஞர்கள் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது, தண்ணீரில் மனித மலம் கிடந்தது. தண்ணீரை யாரும் சந்தேகிக்காமல் இருந்திருந்தால் குழந்தைகள் மருந்தையும் குடித்து, அதே தண்ணீரையும் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அதைச் செய்தது யார் என்பது வேறு விசாரணை. 2023 ஜனவரியில் அது சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம் சாட்டியது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. அதில் தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. நோயின் காரணம் சில நாட்களில் தெரிந்தது, ஆளைப் பற்றிய வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது என்பதை மட்டும் இங்கே கவனிப்போம்.

நோய் வராதவர்களையும் பாருங்கள்

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றே காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவின் அடிகுழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்திருந்தார்கள். அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். ஆனால் அந்த விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. ஸ்னோ சொன்னதன் பேரில் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ராபர்ட் கோச் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்டியது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1884-இல். கிருமி எதுவென்று தெரிவதற்கு முன்பே, அது வரும் வழியை அடைக்க முடிந்தது.

மார்க்கம் தடுக்கிறதா?

"நோய் தானாகத் தொற்றாது என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்றும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். நோய்க்குச் சொந்த ஆற்றல் இல்லை, அல்லாஹ் ஏற்படுத்திய காரணங்கள் வழியாகவே அது பரவுகிறது என்று உலமாக்கள் இரண்டையும் இணைத்து விளக்கியுள்ளார்கள்.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேட்டு உமர் (ரலி) வழியிலேயே திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா?" என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்பதே உமர் (ரலி) அவர்களின் பதில். ஆகவே காரணத்தைத் தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

பழி சுமத்துவது காரணம் ஆகாது

14-ஆம் நூற்றாண்டில் கறுப்பு மரணம் எனும் பிளேக் உலகை உலுக்கியபோது, கிரனடாவின் அமைச்சரும் மருத்துவ அறிஞருமான லிசானுத்தீன் இப்னுல் கதீப், நோயாளியோடு கலந்தவர்கள் நோயுறுவதையும் ஒதுங்கியிருந்தவர்கள் தப்புவதையும் சுட்டிக்காட்டி, இது தொற்று என்று எழுதினார். அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில், கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்று யூதர்கள் மீது பழி சுமத்தப்பட்டது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்கில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதனால் பிளேக் நிற்கவில்லை.

2020-இல் அந்தப் பழியின் சூட்டை நாமும் உணர்ந்தோம். டெல்லி தப்லீக் மாநாட்டைக் காட்டி ஒரு சமுதாயத்தையே கொரோனாவோடு இணைத்துப் பேசினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் கூறியது. நெரிசலும் மூடிய அறைகளும் நோய் பரவக் காரணங்கள். மதம் ஒரு காரணமல்ல. அந்த வேதனையை அனுபவித்த நாம், நம் ஊரில் நோய் வரும்போது வடமாநிலத் தொழிலாளியையோ பக்கத்துத் தெரு ஏழையையோ நோக்கி விரல் நீட்டலாமா?

நாம் செய்ய வேண்டியது

ஒரே தெருவில் பலர் நோயுற்றால் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள். யாருக்கு வந்தது? எந்த நாளில் தொடங்கியது? தண்ணீர், விருந்துச் சாப்பாடு, கடைப் பண்டம் என்று அவர்களுக்குப் பொதுவானது எது? நோய் வராதவர்கள் எதில் வேறுபடுகிறார்கள்? இந்தக் குறிப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தகவல் கொடுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். குழந்தை சோர்ந்துபோனாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசல், மதரஸா தண்ணீர்த் தொட்டிகளைக் குறித்த நாளில் கழுவி, மூடி போட்டு வைப்பது அவசியம்.

துஆவும் செய்வோம், தொட்டியையும் திறந்து பார்ப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் எல்லா மக்களின் பிள்ளைகளையும் நோய்களிலிருந்து காப்பானாக. ஆமீன்.