பழைய புல்லட்டுக்குப் புது ஜோடி! சைடுகார் மாட்டினால் இடது வளைவில் உஷார்!!

முப்பது வருடமாகப் புல்லட் ஓட்டுகிறவர். "தூக்கத்துலகூட ஓட்டுவேன்" என்று மார்தட்டுகிறவர். அப்படிப்பட்டவரையே முதல் நாளில் வியர்க்க வைத்து விடுகிறது ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு ஒரே ஒரு சக்கரம். அதுதான் சைடுகார்!

1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் சைடுகார் வண்டியில் பாடிக் கொண்டே போனார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்ட இளவட்டங்கள் ஏராளம். ஆனால், இன்று பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சைடுகார் தேடுகிறவர்கள் எல்லோரும் சினிமா ஆசையில் வருவதில்லை. பலருக்கு வீட்டுக் கவலை.

உதாரணத்துக்கு ஒரு குமாஸ்தாவை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் 1980-ம் வருட மாடல் புல்லட். அப்பா வாங்கியது. அன்று பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஜம்மென்று கோவிலுக்குப் போன அம்மாவுக்கு இன்று வயது 74. மூட்டு வலி. காலைத் தூக்கி வைக்க முடியாது. ஆட்டோவில் ஏறினால் "அந்த வண்டி என்னாச்சுடா?" என்று கேட்கிறார். வண்டியை விற்க மகனுக்கு மனசு வரவில்லை. கிளம்பி விட்டார் புதுப்பேட்டைக்கு.

தாங்குமா?

புல்லட்டும் சென்னைக்காரன்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கைகோர்த்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த வண்டி அது. 346 சி.சி. என்ஜின். குதிரைசக்தி சுமார் 18. இரும்பு சேசிஸ். இழுவைக்குப் பஞ்சம் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. நம் ஊரில் சாலையின் இடது பக்கம் போகிறோம். ஆகவே சைடுகாரும் இடது பக்கம்தான். பழைய புல்லட்டில் கிக்கரும் கியரும் வலது காலில். பெட்டி வந்தாலும் கிக்கரை உதைக்க இடைஞ்சல் இல்லை.

தொல்லையும் அதே இடது பக்கத்தில்தான் இருக்கிறது. பிரேக் மிதி அங்கே. செயினும் அங்கே. பெட்டியை மாட்டிய பிறகு செயினை இழுத்துக் கட்டக் கையை நுழைத்துப் பாருங்கள், தெரியும்! சைடு ஸ்டாண்டுக்கு அதோடு விடை கொடுத்து விட வேண்டியதுதான்.

பெட்டியை நாலு இடத்தில் பிடிக்க வேண்டும். கீழே இரண்டு, மேலே இரண்டு. மூன்று இடம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. சேசிஸ் குழாயில் துரு அரித்திருந்தால் முதலில் அதைச் சரி செய்தாக வேண்டும். பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் விரிசல் சைடுகார் இழுக்கிற இழுப்பில்தான் வெளியே வரும்.

நூல் கணக்கு

போல்ட்டை முறுக்கி விட்டால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. கெட்டிக்கார மெக்கானிக் இப்போதுதான் ரசமட்டத்தையும் நேரான இரண்டு நீளக் குழாய்களையும் எடுப்பார். ஒரு குழாய், புல்லட்டின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டினாற்போல. இன்னொன்று சைடுகார் சக்கரத்தை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும். முன்பக்கம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை குறைவாக இருக்க வேண்டும். மேஸ்திரி பாஷையில் சொன்னால் நாலு நூல் முதல் ஆறு நூல். அதாவது சைடுகார் சக்கரம் புல்லட் பக்கம் கொஞ்சம் முகம் திருப்பி நிற்க வேண்டும். இது இல்லாவிட்டால் வண்டி ஓயாமல் இடது பக்கம் இழுக்கும். அளவு மிஞ்சினால் டயர் தேய்ந்தே தீர்ந்து விடும்.

அடுத்தது சாய்வு. பெட்டி காலியாக இருக்கும்போது புல்லட் வலது பக்கம் ஒன்று அல்லது இரண்டு டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் நிமிர்ந்து கொள்ளும். சாலையும் ஓரத்தை நோக்கிச் சரிவாகத்தானே போட்டிருக்கிறார்கள்? அந்தச் சரிவின் இழுப்பையும் இந்தச் சாய்வு சமாளிக்கும்.

சைடுகாரின் சக்கரம் புல்லட்டின் பின் சக்கரத்துக்கு நேராக நிற்காது. அரை அடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய முன்னால் நிற்கும். என்ஜின் பக்கம் பல் குறைந்த ஸ்பிராக்கெட் போட்டால் ஏற்றத்தில் திணறாது. வேகம் குறையும். குறையட்டுமே!

'இது பைக் இல்ல சார்!'

பட்டறையில் பெட்டி மாட்டியாகி விட்டது. நம் குமாஸ்தா ஏறி உட்காருகிறார். மெக்கானிக் சாவியைத் தரவில்லை.

"சார், இது இனிமே பைக் இல்ல. சாய்ச்சு திருப்பாதீங்க. சாயாது."

"முப்பது வருஷமா ஓட்டறேம்ப்பா."

"அதான் சார் பயமே!"

மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியை நாம் ஹேண்டிலைத் திருப்பி ஓட்டுவதில்லை. சாய்த்து ஓட்டுகிறோம். இடது பக்கம் சாய வேண்டுமானால் கை தன்னையறியாமல் இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ளும். சைடுகார் வண்டியிலும் அதே பழக்கத்தில் தள்ளினால் என்ன ஆகும்? வண்டி வலது பக்கம் போய் விடும். எதிரே பஸ் வருகிற பக்கம்!

இன்னும் கேளுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பெட்டியின் கனம் வண்டியை இடது பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால், பிரேக் இல்லாத பெட்டி முன்னால் போகப் பார்க்கும். வண்டி வலது பக்கம் திரும்பும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மாடு தயங்கினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பாதா? அதேதான்.

எல்லாவற்றையும் விடப் பொல்லாதது இடது வளைவு. கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். காலிப் பெட்டி என்றால் இன்னும் சுலபமாகக் கிளம்பும். பதறிப்போய் ஹேண்டிலை வலது பக்கம் வெட்டி இழுத்தவர் எதிர்ச்சாரிக்கே போய் விடுவார். ஆக்சிலேட்டரைக் குறைத்து, ஹேண்டிலைக் கொஞ்சமாக நிமிர்த்தினால் சக்கரம் தானாக இறங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பெட்டிப் பக்கம் சாய்த்துக் கொண்டால் இந்தச் சர்க்கஸே தேவையில்லை.

சிக்னலில் நிற்கும்போது இடது காலைத் தரையில் ஊன்றுகிற பழக்கமும் ஆகாது. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே கால் மாட்டிக் கொள்ளும்.

ஆர்.சி. புத்தகம்

சட்டம் சைடுகாரை மறந்து விடவில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் சைக்கிள் என்றால் கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் சேர்ந்ததுதான் என்கிறது. அதற்காக இஷ்டத்துக்கு மாட்டி விட முடியாது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் பார்க்காமல் விடுவாரா? எனவே பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி விட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் உட்காரப் போவது அம்மா அல்லவா?

மணல் மூட்டை

முதல் சவாரி அம்மாவுக்கு இல்லை. மணல் மூட்டைக்கு! 40, 50 கிலோ மூட்டையைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்தில் ஓட்டிப் பழக வேண்டும். வலது வட்டம், இடது வட்டம், நடுவே பிரேக். முதல் நாள் தோள்பட்டை கழன்று விடுவது போல வலிக்கும். 50 கிலோ மீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்க வேண்டும். எப்படியும் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

நம் குமாஸ்தாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டி விட்டார். நாலாவது வாரம் மணல் மூட்டை இறங்கியது. அம்மா ஏறினார். மடியில் அர்ச்சனைத் தட்டு. தெருமுனை இடது வளைவில் மகன் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கினார்.

பெட்டிக்குள்ளிருந்து குரல்: "ஏம்ப்பா, உங்கப்பா இதே வண்டியை இதைவிட வேகமா ஓட்டுவாரே!"