மண்ணும் மரமும் இலையும்: மாணவர்களுக்கு ஒரு புகைப்படத் திட்டம்

கரிசல் நிலத்து உழவர் ஒருவர் வரப்பில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளி விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கிறார். இன்று விதைக்கலாமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டுமா என்பதை அவ்விரல்களே அவருக்கு அறிவித்துவிடுகின்றன. பருத்தி இலையைத் தடவி அதன் சுணையை அறிகிறார். தானியத்தைக் கையில் உருட்டி அது காய்ந்த பதத்தைச் சொல்லிவிடுகிறார். இவ்வாறு கைக்குத் தெரியவரும் குணத்தையே பொருளின் 'நயம்' என்கிறோம். வேளாண் அலுவலர்கள் 'மண் நயம்' என்று கூறுவதும் இதன் ஒரு வகையே ஆகும். சொரசொரப்பு, வழுவழுப்பு, நரநரப்பு, மொரமொரப்பு, பிசுபிசுப்பு, சுணை, செதில், பொருக்கு என இதனைக் குறிக்க நம் கிராம மக்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பதே கேள்வி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்கள் மழையை எதிர்பார்த்து நிற்கும் பூமி. நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்களுக்குத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் சோறிட்டன. அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் தாயும் தந்தையும் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிட, பாட்டனாருடன் வயலுக்குச் செல்லும் வழக்கம் அற்றுப்போன வீடுகளும் பல உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்குக் கருவேலமும் சீமைக்கருவேலமும் ஒன்றாகவே தோன்றும். கண்மாய் அதற்கு வெறும் பள்ளமாகவே தெரியும்.

இக்குறையை ஓரளவு போக்கவல்லது, ஊராட்சியும் பள்ளியும் சேர்ந்து நடத்தத்தக்க ஒரு சிறு திட்டம். நம் ஊரின் மண், மரப்பட்டை, இலை, விதை ஆகியவற்றின் மேற்பரப்பை மாணவர்கள் அருகில் சென்று படம் எடுப்பதே அது. அதை எவ்வாறு வகுத்து நடத்துவது என்பதை இங்கே விளக்குவோம்.

முன்னோடிகள்

இது புதிதாகப் பிறந்த யோசனை அன்று. ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்னும் கலையாசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்தார். செடிகளின் மொட்டு, தண்டு, விதை முதலியவற்றைப் பல மடங்கு பெரிதாகப் படம் எடுத்து, அவற்றையே பாடக் கருவிகளாகக் கொண்டார். வழியோரத்தில் கிடைத்த சாதாரணச் செடிகளும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. அப்படங்கள் 1928-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது உலகம் வியந்தது.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த வில்சன் பென்ட்லி ஓர் உழவர். அவர் 1885-ஆம் ஆண்டில் உருப்பெருக்கியுடன் புகைப்படக் கருவியை இணைத்து, ஒரு பனித்துகளின் உருவைப் பதிவு செய்தார். பின்னர்த் தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் எடுத்தார். உழவர் ஒருவர் தம் பண்ணையில் இருந்தபடியே அறிவியலுக்குச் செய்த தொண்டு அது.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலியில் 1912-ஆம் ஆண்டில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். இயற்கையைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் 1996-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவர் எடுத்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். விலையுயர்ந்த கருவிகளை நாடாமல், பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கருவியைக் கொண்டு அவர் பணிபுரிந்தார். கருவியின் விலையைவிடக் கண்ணின் பொறுமையே பெரிது என்பதற்கு இம்மூவருமே சான்று.

எதைப் படம் எடுப்பது?

திட்டம் வெற்றி பெறப் பொருளைச் சுருக்கிக்கொள்ளல் வேண்டும். 'இயற்கை' என்று பொதுவாகச் சொல்லி மாணவர்களை அனுப்பினால், ஒவ்வொருவரும் சூரிய அஸ்தமனத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டு திரும்புவர். மண், மரப்பட்டை, இலை, காயும் விதையும் என நான்கு பிரிவுகள் போதும். ஐந்து மாணவர்கள் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு பிரிவை ஒதுக்கலாம். பள்ளியிலிருந்து நடந்து சென்று திரும்பும் தொலைவுக்குள்ளேயே எல்லாம் அமைதல் நலம்.

மண்: நம் கரிசல் மண்ணில் உள்ள ஒருவகைக் களி, நீரை உண்டு உப்பும், நீர் வற்றியதும் சுருங்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதற்குக் காரணம் இதுவே. மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து உள்ளே போவதால், இம்மண்ணைத் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று கூறுவர். மேற்கே மலையடிவாரத்துச் செம்மண்ணையும், கண்மாயின் வண்டலையும், ஓடை மணலையும் இதனோடு பக்கம் பக்கமாக வைத்துப் படம் எடுத்தால் வேறுபாடு தானே விளங்கும்.

மரப்பட்டை: பனையின் உடலில், உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் வளையம் வளையமாகத் தெரியும். வேம்பின் பட்டை நீளவாக்கில் பிளந்திருக்கும். ஆற்றோரத்து நீர்மருதின் பட்டை வெளிறி, வழுவழுப்பாக, ஏடு ஏடாகக் கழலும். நாட்டுக் கருவேலத்தின் பட்டை கருத்து ஆழ வெடித்திருக்கும். அதன் காய் மணிகளைக் கோத்தாற்போல் இடையிடையே சுருங்கி, சாம்பல் பூத்தாற்போன்ற மென்மயிருடன் இருக்கும். சீமைக்கருவேலத்தின் காயோ மஞ்சள் நிறத்தில் மயிரின்றி இருக்கும். இவ்விரு காய்களின் படங்களையும் அருகருகே கண்ட மாணவன் அம்மரங்களை இனி ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டான்.

இலை: விவசாயிக்கு நேரே பயன்தரும் பகுதி இது. பருத்தி இலையில் சுணை மிகுந்திருந்தால் தத்துப்பூச்சியின் தாக்குதல் குறைகிறது என்பது ஆராய்ச்சியால் தெளிந்த உண்மை. மிளகாய்ச் செடியில் இலைப்பேன் தாக்கினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும். முரணைச் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். இரண்டுக்கும் மருந்து வேறு. இதனை அறியாது தவறான மருந்தை அடித்துப் பணத்தை இழந்தோர் பலர். இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் தெளிவாக எடுத்த படம் ஒன்று இருந்தால், வேளாண் அலுவலரிடம் காட்டி உடனே ஆலோசனை பெறலாம்.

காயும் விதையும்: சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சின் மென்மயிர், வெடித்த பருத்திக் காயின் ஓடு, கம்பங்கதிர், குதிரைவாலி மணி ஆகியவை யாவும் இதில் அடங்கும். கருங்கண்ணிப் பருத்தி போன்ற பழைய நாட்டு இனம் எவர் நிலத்திலேனும் எஞ்சியிருந்தால், அதற்கு முதலிடம் தருதல் வேண்டும்.

ஒளியே ஆசிரியர்

மேற்பரப்பின் நயத்தைக் காட்டுவது சாய்வான ஒளியே. இதனை வகுப்பறையிலேயே விளக்கிவிடலாம். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தை மேசைமேல் வைத்துக் கதவுகளைச் சாத்துக. கைவிளக்கின் ஒளியை நேர் மேலிருந்து பாய்ச்சினால் அது தட்டையாகத் தெரியும். அதே ஒளியைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், ஒவ்வொரு துகளும் தன் நிழலை வீழ்த்தி எழுந்து நிற்கும். வயலிலும் இதுவே விதி. காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை நாலரை மணிக்குப் பின்பும் கதிரொளி சாய்ந்து விழும். உச்சிவெயிலில் எடுத்த படத்தில் கரிசல் வெடிப்பும் சிமெண்டுத் தரையும் ஒன்றுபோலவே தோன்றும்.

தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஆசிரியரின் கைப்பேசி ஒன்று ஒரு குழுவுக்குப் போதும். பொருளுக்கு மிக நெருங்கினால் படம் மங்கும். சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, திரையில் பொருளைத் தொட்டுத் தெளிவுபடுத்திய பின் எடுத்தல் வேண்டும். இன்னும் நெருங்க வேண்டுமாயின், உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கைப்பேசியின் வில்லைக்கு முன் ஒட்டிப் பிடிக்கலாம். ஒளிவீச்சு விளக்கை அணைத்துவிடுக. நிழல் மிகக் கருத்தால், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும். சிவகாசி அச்சுக்கூடங்களில் கழிக்கப்படும் அட்டைத் துண்டே இதற்கு உகந்தது. நிறத்தில் கண் மயங்காமல் இருக்க, சில படங்களைக் கறுப்பு வெள்ளையாகவும் எடுத்துப் பார்க்கலாம்.

குறிப்பில்லாத படம் பயனற்றது

ஒவ்வொரு படத்திலும் பொருளின் அருகே அளவுகோல் ஒன்று இருத்தல் வேண்டும். குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், ஊர் வழக்கில் அப்பொருளுக்குள்ள பெயர், அப்பெயரைச் சொன்ன பெரியவர், தொட்டபோது எப்படி இருந்தது என்பவற்றை எழுதுதல் வேண்டும். கடைசிக் குறிப்பு மிக முக்கியமானது. மாணவன் முதலில் தொட வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். அதன் பின்னரே படம் எடுக்க வேண்டும்.

பருவத்துக்கேற்ற அட்டவணை

ஆடி, ஆவணி மாதங்களில் பயிற்சியும் மரப்பட்டைகளும். புரட்டாசி, ஐப்பசியில் உழுத மண்ணும் முளையும். கார்த்திகை, மார்கழியில் பனி படிந்த இலைகள். தை, மாசியில் கதிர், காய், விதை. பங்குனியில் வெடிப்பு நிலம்.

இவற்றோடு எல்லாக் குழுக்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பொதுப் பணி ஒன்றும் உண்டு. கண்மாயின் உள்வாயில் ஓரிடத்தைத் தேர்ந்து, அடையாளக் கல் ஒன்றை ஊன்றுக. மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே உயரத்திலிருந்து தரையைப் படம் எடுத்து வருக. நீர் நிற்கும் மாதங்களில் கரையில் நின்றே நீர்விளிம்பை எடுத்தால் போதும். புழுதி, நீர், சேறு, பொருக்கு, வெடிப்பு என ஓராண்டின் வரலாறு வரிசையாக நிற்கும். எந்த மாதத்தில் நீர் வந்தது, எப்போது வற்றியது என்பதற்கு இதைவிட எளிய சாட்சியம் வேறில்லை.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று கூடும் கிராம சபையில் இப்படங்களை வரிசையாகத் தொங்கவிட்டால், வரத்துக்கால் தூர்வாருவது பற்றிய பேச்சு வெறும் பேச்சாக இராது. எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுவர்.

கவனிக்க வேண்டியவை

பட்டாசு ஆலைகளின் அருகிலும், வெடிமருந்து உலர்த்தும் இடங்களின் அருகிலும் மாணவர்கள் எக்காரணம் கொண்டும் செல்லலாகாது. ஆலை வளாகத்துக்குள் கைப்பேசியைக் கொண்டு செல்வது ஆபத்தானது. வெளியே கொட்டிக் கிடக்கும் கழிவுக் குவியலின் நிறம் எவ்வளவு கவர்ச்சியாக இருப்பினும் அதனைத் தொடவும் கூடாது. தடுப்புச் சுவரில்லாத கிணறு, நீர் நிறைந்த கண்மாய், புதர் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பகுதி மலைக்காடு 2021-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகத்தின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழையலாகாது. நம் ஊர் மரங்களே நமக்குப் போதும். பிறர் நிலத்தில் நுழையுமுன் உரியவரிடம் சொல்லிவிடுவது மரியாதை. படத்துக்காகக் கிளையை ஒடிப்பதும் பட்டையை உரிப்பதும் கூடா.

ஊராட்சி செய்யக்கூடியது

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும். ஊரிலுள்ள செடி, கொடி, மரம், பயிரினம், கால்நடை, அவை பற்றி மக்கள் அறிந்தவை ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அக்குழுவின் தலையாய பணி. பெயர்ப் பட்டியல் மட்டும் கொண்ட பதிவேட்டை யார் புரட்டிப் பார்ப்பர்? மாணவர்களின் படங்களும், பெரியவர்கள் சொன்ன பெயர்களும் அதில் இடம்பெற்றால், அது ஊர் மக்கள் எடுத்துப் பார்க்கும் ஏடாகும். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்ற ஆசிரியரை அழைத்து, பதிவேட்டில் எந்தப் பகுதி வெறுமையாக உள்ளது என்று காட்டி, அதிலிருந்தே மாணவர்களின் பணியைத் தொடங்கலாம்.

செலவு சிறிது. உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுகோல், குறிப்பேடு, தேர்ந்தெடுத்த படங்களை அச்சிடும் கூலி, இவ்வளவே. எடுத்த படங்கள் எத்தனையாயினும், காட்சிக்குப் பன்னிரண்டை மட்டும் மாணவர்களே கூடித் தேர்ந்தெடுக்கட்டும். ஏன் இது, ஏன் அது வேண்டாம் என்று அவர்கள் வாதாடுவதே பெரிய கல்வி.

பன்னிரண்டு என்றதற்குக் காரணமும் உண்டு. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழிலுக்கு வேண்டிய லேபிள்களை அச்சிடும் தேவையோடு வளர்ந்த சிவகாசி அச்சுத் தொழில், இன்று நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளைத் தருகிறது. அந்நாட்காட்டிகளில் எங்கெங்கோ உள்ள மலைகளும் அருவிகளும் இடம்பெறுகின்றன. நம் ஊர்க் கண்மாயின் வெடிப்பும், பனையின் தழும்பும், பருத்தி இலையின் சுணையும் பன்னிரண்டு தாள்களாக அச்சேறி, நம் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஓராண்டு தொங்கினால், அதன் கீழே எழுதப்படும் பெயர்கள் நம் பிள்ளைகளின் பெயர்களாக இருக்கும்.

மண்ணைக் கையால் அறிந்த கடைசித் தலைமுறையாக நம் பெரியோர் ஆகிவிடக் கூடாது. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, பிள்ளைகளை அவர்கள் அருகில் கொண்டு போய் நிறுத்துவது நம் கடமை. ஊராட்சி உறுப்பினர்கள் வரும் ஆடி மாதத்திலேயே தங்கள் ஊர்ப் பள்ளியுடன் கலந்து பேசி இதற்கு ஆவன செய்வார்களாக.