விழுமுன் முந்தும் துணைக்கோள்

1979 ஜூலை 11-இல் ஸ்கைலாப் சிதைந்து இந்து மகாசமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 50 பாகை வரை சென்றமையால், 22½ பாகையிலுள்ள கொல்கத்தாவும் அதற்குக் கீழேயே இருந்தது. வீழ்ச்சி நேரத்தைக் கணிப்பதில் ஒரு மணி பிழைத்தால், விழுமிடம் பூமியைச் சுற்றி மூன்றில் இரு பங்கு தூரம் மாறிவிடும்.

காற்றின் தடை துணைக்கோளைத் தாழ்த்துகிறது. தாழ்ந்த பாதை சிறிது. அதில் வேகமும் மிகுதி. தடையினால் வேகம் கூடுவது விந்தையே! ஆகவே 90 நிமிஷச் சுற்று 88 நிமிஷமாகக் குறுகி, கோள் குறித்த நேரத்திற்கு முன்னரே தோன்றும்.

அந்தியிலோ விடியலிலோ அது தெரிந்த நட்சத்திரமொன்றைக் கடக்கும் விநாடியைக் குறிப்பதே ஆர்வலர் செய்யத்தக்க பணி. இதற்கு இருகண் தொலைநோக்கியும் திருத்தமான கடிகாரமும் போதும். கடிகாரம் ஒரு விநாடி தவறினால் கோளின் இடம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தவறும். கொல்கத்தாவில் ஜூலை மேகம் பெரும்பாலும் இடந்தராது, குளிர்காலமே ஏற்றது.