ஸ்பானிஷில் அக்கவுண்டிங் டிகிரி: பணம் கட்டுவதற்கு முன்



ஆன்லைன் படிப்பு பற்றிய எபிசோடைக் கேட்டுவிட்டு, ஸ்பெயினில் இருக்கும் ஒரு நேயர் எழுதியிருந்தார்: "பகல்ல வேலை. ஸ்பானிஷ் நல்லாவே வரும். வீட்ல இருந்தே, ஸ்பானிஷ்லயே அக்கவுண்டிங் டிகிரி படிக்கணும். தேடினா விளம்பரமா வந்து கொட்டுது. எதை நம்புறது?" நாலு வருஷமும் நிறைய பணமும் போகிற விஷயம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

முதலில் நாடு, அப்புறம்தான் பல்கலைக்கழகம்

ஸ்பானிஷ் சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. மொழி ஒன்றுதான், ஆனால் கணக்கு விதியும் வரிச் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஸ்பெயினில் நிறுவனங்களுக்குப் பொதுவான கணக்குத் திட்டம் ஒன்று உண்டு. அதில் 400 என்றால் சரக்கு கொடுத்தவர், 430 வாடிக்கையாளர், 572 வங்கி. ஸ்பெயினில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனால் இந்த எண்களோடுதான் பொழுது விடியும். மெக்சிகோ டிகிரியில் அந்த நாட்டு விதிகளைத்தான் சொல்லித் தருவாங்க. ஆகவே எங்கே வேலை பார்க்கப் போறீங்களோ, அந்த நாட்டுப் படிப்பைத் தேடுங்க.

தேட வேண்டிய சொல்

ஸ்பெயினில் வணிக நிர்வாகப் படிப்பைச் சுருக்கமாக 'ஆதே' என்பார்கள். கணக்கியலுக்கு 'ஃபினான்சாஸ் இ கொன்தாபிலிதாத்'. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அதுவே 'கொன்தாதுரியா'. கூடவே 'ஆ திஸ்தான்சியா' என்று சேர்த்தால் தொலைநிலைப் படிப்புகள் வரும்.

தொடங்க நல்ல இடங்கள்: ஸ்பெயின் அரசின் தேசியத் தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகம், சுருக்கமாக 'உனெத்'. 1972-ல் தொடங்கியது; 'ஆதே' டிகிரி தருகிறது. கத்தலோனியா திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முழுக்க ஆன்லைன். அங்கே கத்தலான் மொழியிலும் வகுப்புகள் உண்டு, சேரும்போது ஸ்பானிஷா என்று பார்த்துக்கோங்க. மெக்சிகோ என்றால், மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் கொன்தாதுரியாவைத் தொலைநிலையிலும் நடத்துகிறது.

பெயரில் இருக்கும் பொறி

ஸ்பெயினில் 'கிராதோ' என்றால் இளங்கலைப் பட்டம். பொதுவாக 240 கிரெடிட், 4 வருஷம். 'கிராதோ சுப்பெரியோர்' என்று பார்த்தால் அதைவிடப் பெரிய பட்டம் போலத் தோன்றும். அது 2 வருஷத் தொழிற்கல்வி! மோசமான படிப்பு இல்லை. அலுவலக வேலைக்கு நன்றாகவே உதவும். ஆனால் டிகிரி கிடையாது.

முதுகலையிலும் இப்படித்தான். 'மாஸ்தெர் உனிவெர்சித்தாரியோ' அரசு அங்கீகாரம் பெற்றது. 'மாஸ்தெர் புரோபியோ' அந்தப் பல்கலைக்கழகம் தானே கொடுக்கும் சான்றிதழ். அதை வைத்து பிஎச்.டி. சேர முடியாது.

சரிபார்ப்பது சுலபம். ஸ்பெயின் அரசின் 'ஆர்.யு.சி.டி.' என்ற பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற பட்டம் என்றால் அதில் இருக்கும். மெக்சிகோவில் தனியார் நிறுவனம் என்றால் 'ஆர்.வி.ஓ.ஈ.' எண்ணைக் கேளுங்க. கொலம்பியாவில் 'ஸ்னியெஸ்' எண். கேட்டதும் பேச்சை மாற்றினால், அங்கேயே நிறுத்திக்கலாம்.

சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி

ஒன்று, தேர்வு எங்கே? படிப்பு ஆன்லைன் என்றாலும் தேர்வுக்கு மையத்துக்கு வரச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பக்கத்து ஊரா, விமானம் ஏற வேண்டிய தூரமா என்று முன்பே கேளுங்க.

இரண்டு, நம்ம ஊர்ச் சான்றிதழ். இந்தியாவில் +2 முடித்தவர் என்றால் அதற்கு அப்போஸ்டில் முத்திரை, ஸ்பானிஷில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு எல்லாம் தேவைப்படும். மாதக்கணக்கில் இழுக்கலாம். செப்டம்பரில் சேர வேண்டுமென்றால், பொங்கலுக்கே கோப்பைத் திறந்துவிடுவது நல்லது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படிப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால், அதன் முழுப் பெயரோடு எழுதுங்க. பதிவேட்டில் சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!